கன்னியாகுமரி முதல் பன்வேல் வரை: மேற்குக் கடற்கரை நெடுஞ்சாலைப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

தேசிய நெடுஞ்சாலை 66-ஐக் கடற்கரைச் சாலை என்று நம்பி வண்டியை எடுப்பவர்களுக்கு முதல் நாளிலேயே ஏமாற்றம்தான். கன்னியாகுமரியில் கடலுக்கு முதுகைக் காட்டிக் கிளம்பினால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று தோப்புகளுக்கும் கடைவீதிகளுக்கும் நடுவில்தான் சாலை போகிறது. சுமார் 1,600 கி.மீ. நீளத்தில் கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் குமரிக்கும் மும்பைக்கும் இடையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து அரபிக் கடலில் விழும் ஆறுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்தச் சாலை கடக்கிறது. சுசீந்திரத்தில் பழையாறு தொடங்கி பென் நகரில் போகாவதி வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்கள் வந்துகொண்டே இருக்கும்.

எனவே என் முதல் யோசனை: இந்தப் பயணத்தை ஆறுகளை வைத்துத் திட்டமிடுங்கள். பழைய துறைமுக ஊர்கள் ஆற்று முகத்தில் இருக்கின்றன. மலையேறித் தப்பிக்கும் பாதைகள் பெரும்பாலும் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாகவே போகின்றன. மழைக்காலத்தில் சாலை அறுந்துபோவதும் பெரும்பாலும் ஆற்றங்கரையில்தான். கடல் வேண்டும் என்றால் எங்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

சாலையைப் பற்றிக் கொஞ்சம்

மும்பையை ஒட்டிய பன்வேலிலிருந்து கொச்சியின் இடப்பள்ளி வரை ஒரு காலத்தில் இது தேசிய நெடுஞ்சாலை 17. இடப்பள்ளியிலிருந்து கன்னியாகுமரி வரையிலான பகுதி, சேலத்திலிருந்து வரும் 47-இன் தென் பாதி. 2010-இல் நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது இரண்டையும் சேர்த்து 66 ஆக்கினார்கள். கொங்கணத்திலும் மலபாரிலும் வயதானவர்களிடம் வழி கேட்டால் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள். குழம்ப வேண்டாம், அதே சாலைதான். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், கோவா, மகாராஷ்டிரம் என ஐந்து மாநிலங்கள். நடுவில் புதுச்சேரிக்குச் சொந்தமான மாஹேயின் ஒரு துண்டு.

எந்தத் திசையில், எப்போது

தெற்கிலிருந்து வடக்கே போங்கள். காரணம் எளிது. நாம் இடதுபுறம் ஓட்டுகிறோம். வடக்கே போகும்போது இடதுபுறம் மேற்கு, அதாவது கடல் பக்கம். கர்நாடகத்தில் சாலையை ஒட்டியே கடல் இருக்கும் மரவந்தே போன்ற இடத்தில் வண்டியை ஓரம்கட்டி நேராக மணலில் இறங்கலாம். வடக்கிலிருந்து வருகிறவர்கள் நடுத் தடுப்பைச் சுற்றி வர வேண்டும், அல்லது வேகமாக வரும் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டும்.

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உகந்த காலம். மார்ச்சுக்குப் பிறகு கரையோர வெக்கை ஆளை வாட்டும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் ரத்னகிரி, தேவ்கட் பக்கம் அல்போன்சா மாம்பழத்துக்காகவே போகிறவர்கள் உண்டு, அவர்களைத் தடுக்க மாட்டேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கரையில் பெய்யும் மழையை நம் ஊர் மழையோடு ஒப்பிடவே கூடாது. மழையை ரசிக்க வேண்டும் என்றால் கேரளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜூலையில் கர்நாடகத்தின் அங்கோலாவுக்கோ மகாராஷ்டிரத்தின் சிப்ளூணுக்கோ வண்டியை ஓட்டாதீர்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

விநாயகர் சதுர்த்தியையும் நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். மும்பையில் வேலை பார்க்கும் கொங்கண மக்கள் அத்தனை பேரும் அந்த வாரத்தில் சொந்த ஊருக்குத் திரும்புவார்கள். பன்வேலுக்கும் சாவந்த்வாடிக்கும் இடையில் அப்போது போக்குவரத்து நகர்வதே பெரும்பாடு. கேரளத்தில் ஓணத்துக்கு முந்தைய நாட்களும் அப்படியே.

கிளம்பும் முன்

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் நான்கும் காலாவதியாகாமல் கையில் இருக்கட்டும். மாநில எல்லைகளில் வேற்று மாநில வண்டிகளை நிறுத்திப் பார்ப்பது சகஜம். ஃபாஸ்டேக்கில் போதுமான தொகை வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 2023 முதல் 726 கண்காணிப்புக் கேமராக்கள் இயங்குகின்றன. சீட் பெல்ட் போடாத முன் இருக்கைக்காரர், ஹெல்மெட் இல்லாத பின் இருக்கைக்காரர், கைபேசி என்று எதையும் விடாது. பைக்கில் போகிறவர்கள் கேரளத்தின் புதிய ஆறுவழிப் பகுதிகளில் தடைப் பலகை இருந்தால் சர்வீஸ் சாலையில் இறங்கிவிட வேண்டும்.

எட்டு நாள் ஒதுக்குங்கள். நான்கு நாளிலும் முடிக்கலாம்தான். ஆனால் பாலங்களின் கைப்பிடிச் சுவர்களைத் தவிர வேறொன்றும் மனதில் நிற்காது.

கட்டம் 1: கன்னியாகுமரி – திருவனந்தபுரம் (சுமார் 90 கி.மீ.)

தூரம் குறைவு, நேரம் அதிகம். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை பழைய சாலை ஊர்களுக்குள்ளேயே நுழைந்து போகிறது. விடிவதற்குள் கிளம்பிவிட்டால் பாதி அலுப்பு குறையும். தக்கலைக்குச் சற்று முன் புலியூர்க்குறிச்சியில் சாலையை ஒட்டியே உதயகிரிக் கோட்டை. குளச்சல் போரில் தோற்று, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். தக்கலையிலிருந்து கொஞ்சம் உள்ளே பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை விடுமுறை, நாளைப் பார்த்துக் கிளம்புங்கள்.

குழித்துறையில் நீங்கள் கடப்பது தாமிரபரணி. நெல்லைத் தாமிரபரணியோடு இதற்குத் தொடர்பில்லை. இது மேற்கே ஓடித் தேங்காய்ப்பட்டினத்தில் கடலில் சேர்கிறது. எல்லை தாண்டியதும் காரோட்டிலிருந்து கழக்கூட்டம் வரை அகலமான புறவழிச்சாலை. திருவனந்தபுரம் நகருக்குள் போகாமலே கோவளம் சந்திப்பு, விமான நிலையப் பகுதி என்று ஓரமாகக் கடந்துவிடலாம்.

கடல் வேண்டுமா? இந்தக் கட்டத்தில் நெடுஞ்சாலையை மறந்துவிட்டு, கன்னியாகுமரியிலிருந்து முட்டம், குளச்சல் வழியாகப் போகும் கரையோரச் சாலையை எடுங்கள். முட்டத்தில் பாறைகளுக்கு மேல் நிற்கும் கலங்கரை விளக்கத்தை நெடுஞ்சாலைக்காரர்கள் யாரும் பார்ப்பதில்லை.

கட்டம் 2: கழக்கூட்டம் – கொச்சி

கேரளத்தில் இந்த நெடுஞ்சாலையின் நீளம் சுமார் 645 கி.மீ. அதை 45 மீட்டர் அகலத்தில் ஆறுவழியாக்கும் பணி பல துண்டுகளாக நடந்துவருகிறது. நெருக்கமான குடியிருப்புகள் உள்ள மாநிலம் என்பதால் நிலம் எடுப்பதுதான் பெரும் சிக்கல். அதன் செலவில் நான்கில் ஒரு பங்கை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. ஓட்டுபவருக்கு இதில் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: முடிந்த பகுதிகளில் சாலை உயர்ந்த சுவர்களுக்கு மேல் போகிறது, ஊர்கள் கீழே தங்கிவிடுகின்றன. சாப்பிடவோ பெட்ரோல் போடவோ இறங்க வேண்டுமானால் பல கி.மீ. முன்பே சர்வீஸ் சாலைக்கு விலக வேண்டும். விலகும் இடத்தைத் தவறவிட்டால் திரும்பி வர நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும். முடியாத பகுதிகளில் நேர் எதிர். நெடுஞ்சாலைப் போக்குவரத்து முழுவதும் குறுகிய சர்வீஸ் சாலையில் நெரியும். வரைபடச் செயலி சொல்லும் நேரத்தோடு எப்போதும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கொல்லத்தில் 2019-இல் திறந்த புறவழிச்சாலை அஷ்டமுடிக் காயலின் மேல் தாவிப் போகிறது. அதற்கடுத்து நீண்டகரைப் பாலம். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். காயல் கடலோடு சேரும் முகத்துவாரம் இடதுபுறம். விசைப்படகுகள் வரிசையாகத் திரும்பி வரும் துறைமுகம் கீழே. ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவில் இந்தப் பாலத்தின் அடியில் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டிவிடுவார்கள். இழுவலை மீன்பிடிக்கு 52 நாள் தடை. ஜூலை 31 நள்ளிரவில் சங்கிலியை அவிழ்த்ததும், காத்திருந்த படகுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கடலுக்குள் பாயும்.

சவறாவில் சாலையோரம் தெரியும் தொழிற்சாலைகள் கரிமணலைப் பிரித்தெடுப்பவை. மணவாளக்குறிச்சியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காயங்குளம் தாண்டித் தோட்டப்பள்ளியில் கடல் சாலைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ஆலப்புழையில் 2021-இல் திறந்த புறவழிச்சாலையின் மேம்பாலப் பகுதி கடற்கரையை ஒட்டியே நீள்கிறது. அந்தி நேரத்தில் கடந்தால் கடற்கரைக் கூட்டம் முழுவதும் காலடியில் தெரியும். துறவூர் – அரூர் பகுதியில் சாலையின் நடுவில் தூண்கள் எழுப்பி நெடுநீள மேம்பாலம் கட்டுகிறார்கள். பணி நடக்கும்போது இந்தத் துண்டு பொறுமையைச் சோதிக்கும். காலை ஏழு மணிக்கு முன்போ இரவு ஒன்பதுக்குப் பிறகோ கடக்கப் பாருங்கள்.

கட்டம் 3: இடப்பள்ளி – குற்றிப்புரம் – கோழிக்கோடு

கொச்சியிலிருந்து கோழிக்கோடு போகும் பலர் இடப்பள்ளியில் திருச்சூர்ச் சாலையைப் பிடித்துவிடுகிறார்கள். வேண்டாம். தமிழ் படித்த ஒருவர் விடக்கூடாத பகுதி இதுதான். வராப்புழையில் பெரியாற்றைக் கடந்து வடக்குப் பரவூர் போனால், மூத்தகுன்னத்துக்கு முன்பே பட்டணம் என்ற சிற்றூர். 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் ஏராளமாகக் கிடைத்த இடம். சங்கப் புலவர்கள் பாடிய முசிறி, யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறி, இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பார்க்கப் பெரிய கட்டடம் ஒன்றும் கிடையாது, தென்னந்தோப்புகளும் வீடுகளும்தான். ஆனால் மண்ணைக் காலால் தள்ளினாலே பானை ஓடு தெரியும் ஊரில் நிற்கும்போது, பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த வரிகளுக்கு இடமும் ஈரமும் வந்துவிடுகின்றன. பாலம் தாண்டினால் கொடுங்கல்லூர், கண்ணகியோடு சேர்த்துச் சொல்லப்படும் பகவதி கோயில், சேரமான் பள்ளிவாசல். 1341-இல் பெரியாற்று வெள்ளம் இந்தத் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சித் துறையைத் திறந்துவிட்டது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. நெடுஞ்சாலையில் நாம் தாண்டிவந்த கொச்சியே ஓர் ஆற்றின் கொடை என்று வைத்துக்கொள்ளலாம்.

சாவக்காட்டிலிருந்து குருவாயூர் மிக அருகில். பொன்னானி வரை சாலை கரையை ஒட்டிச் செல்கிறது. அதன்பின் உள்நோக்கித் திரும்பி, குற்றிப்புரத்தில் பாரதப்புழையைக் கடக்கிறது. நம் ஆனைமலைப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீர்தான் இது. வளாஞ்சேரியின் வட்டப்பாறை வளைவு லாரிகள் கவிழும் இடமாகப் பேர்வாங்கியது. பழைய பாதையில் போனால் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

கோட்டக்கல் தாண்டிக் கூரியாடு. 2025 மே மாதம் வயல்வெளிக்கு நடுவே உயர்த்திக் கட்டிய புதிய நெடுஞ்சாலை இங்கே அப்படியே சரிந்து, கீழே சர்வீஸ் சாலையில் போன வண்டிகளும் சிக்கின. நீர் தேங்கும் வயல் மண் அவ்வளவு பாரத்தைத் தாங்கவில்லை. ஆற்று வெள்ளம் பரவி வடியும் நிலத்தில் மண்மேடு போட்டுத் தடுப்பது தவறு, தூண்கள் மேல் பாலமாகப் போக வேண்டும் என்று ஊர்க்காரர்கள் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தார்கள். சாலை போடுகிறவர்கள் அந்த வயலில் நடவு நட்டவர்களிடம் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

இராமநாட்டுக்கரையிலிருந்து வெங்களம் வரை கோழிக்கோட்டுப் புறவழிச்சாலை. நகருக்குள் நுழைந்து ஓர் இரவாவது தங்குங்கள்.

கட்டம் 4: கோழிக்கோடு – தலப்பாடி

வடகரை தாண்டியதும் 2024 மார்ச்சில் திறந்த தலச்சேரி – மாஹே புறவழிச்சாலை. அழியூரிலிருந்து முழப்பிலங்காடு வரை 18.6 கி.மீ.; பழைய சாலையில் ஒரு மணி நேரத்தை விழுங்கிய பகுதி இப்போது இருபது நிமிடம்கூட ஆகாது. மாஹேயில் எரிபொருள் விலை குறைவு என்பதால் முன்பெல்லாம் எல்லா வண்டியும் அங்கே டேங்கை நிரப்பும். இப்போது அதற்கு நகருக்குள் இறங்க வேண்டும். முழப்பிலங்காட்டில் இறுகிய மணலில் வண்டியையே ஓட்டிச் செல்லக்கூடிய கடற்கரை இருக்கிறது. ஓதம் ஏறும் நேரத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள், முடிந்ததும் உப்பு போக அடிப்பகுதியைக் கழுவிவிடுங்கள்.

இந்தப் பகுதியில் எரிவாயு டேங்கர்களுக்கு மிகத் தள்ளி ஓட்டுங்கள். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூருக்கு அருகே சாலாவில் ஒரு டேங்கர் கவிழ்ந்து வெடித்ததில் 20 பேர் இறந்தார்கள். கவிழ்ந்த டேங்கரைப் பார்த்தால் வேடிக்கைக்கு நிற்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு விலகிப் போய்விட வேண்டும்.

பையனூர் பக்கத்தில் மேற்கே தனியாக எழுந்து நிற்கும் மலை ஏழிமலை. சங்கப் பாடல்களில் வரும் நன்னனின் ஏழில்மலை. இப்போது கடற்படை அகாதெமி. காஞ்ஞங்காட்டை அடைந்ததும் நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள். அது செர்க்களை வழியாக உள்நாட்டைச் சுற்றிக் காசர்கோடு போகிறது. கரையோர மாநிலச் சாலையில் போனால் பேக்கல் கோட்டை, பிறகு சந்திரகிரி ஆற்றுப் பாலம். இரண்டும் ஒரே அரை மணி நேரத்தில் கிடைக்கும். காசர்கோட்டுக்கு அருகே செங்களையிலிருந்து தலப்பாடி எல்லை வரை ஆறுவழிப் பணி முடிந்துவிட்டது. கேரளத்தில் முதலில் முடிந்த பகுதிகளில் ஒன்று, ஓட்டவும் இதம்.

கட்டம் 5: மங்களூரு – கார்வார் (சுமார் 270 கி.மீ.)

முழுப் பயணத்திலும் இரண்டு நாள் ஒதுக்க வேண்டியது இந்தக் கட்டத்துக்குத்தான். நேத்ராவதிப் பாலம் வழியாக மங்களூருக்குள் நுழைந்து, பம்ப்வெல், நந்தூர் சந்திப்புகளின் நெரிசலைத் தாண்டி, பணம்பூர் துறைமுகத்தை விட்டால் பிறகு சாலை விரிந்துவிடும். சூரத்கல், முல்கி, படுபித்ரி, காபு, உடுப்பி, பிரம்மாவர், குந்தாபுரா. ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஆறு. படுபித்ரிக் கடற்கரை நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. சுத்தமான கழிப்பறையும் குளிக்குமிடமும் உள்ள கடற்கரை தேடுபவர்கள் இங்கே இறங்கலாம்.

குந்தாபுராவைத் தாண்டிய சிறிது நேரத்தில் மரவந்தே. இடதுபுறம் சாலையோடு ஒட்டிய அரபிக் கடல், வலதுபுறம் கடலில் சேர மனமில்லாததுபோல் சாலைக்கு இணையாக ஓடும் சௌபர்ணிகா ஆறு, நடுவில் நாம். ஒரே நேரத்தில் வலப்பக்கக் கண்ணாடியில் அசையாத பச்சை நீரும் இடப்பக்கக் கண்ணாடியில் நுரைத்து உடையும் அலையும் தெரியும். காலையில் போனால் சூரியன் ஆற்றுக்கு அப்பால் மலைமேல் இருக்கும், மாலையில் கடலில் இறங்கும்; எனக்கு மாலைதான். அலை மணலை அரிக்காமலிருக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். பாறைகளில் ஏறிப் படம் எடுக்க வேண்டாம். பாசி வழுக்கும், அலை இழுக்கும்.

அடுத்து பைந்தூரின் ஒத்தினெணெ மேட்டிலிருந்து மீண்டும் கடல். பிறகு பட்கல், 123 அடி சிவன் சிலை நிற்கும் முருடேஸ்வர், ஹொன்னாவர். ஹொன்னாவரில் ஷராவதிப் பாலத்தின் மேல் வேகத்தைக் குறைத்துக் கிழக்கே பாருங்கள். ஜோக் அருவியாக விழுந்த அதே தண்ணீர், இங்கே தீவுகளைச் சுற்றிக்கொண்டு அகன்று கிடக்கிறது. கும்டாவுக்கு அப்பால் அகநாசினி ஆற்றுப் பக்கம் மீர்ஜான் கோட்டை, செம்பாறாங்கல்லால் கட்டியது. மிளகு வணிகத்தால் பேர்பெற்ற கேர்சோப்பா அரசி சென்னபைராதேவியோடு தொடர்புடையது. மழை முடிந்த அக்டோபரில் கோட்டைச் சுவர் முழுவதும் பச்சைப் பாசி போர்த்திருக்கும். கோகர்ணம் போகிறவர்கள் இதைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் இடதுபுறம் பிரிய வேண்டும்.

இனி எச்சரிக்கை. அங்கோலாவுக்குத் தெற்கே ஷிரூரில், 2024 ஜூலை 16 காலை, சாலையோர மலைச் சரிவு மொத்தமாகக் கீழே வந்து நெடுஞ்சாலையை மூடி, பக்கத்திலிருந்த கங்காவளி ஆற்றுக்குள் பாய்ந்தது. சாலையோரத் தேநீர்க் கடையில் இருந்தவர்களும், நிறுத்தியிருந்த லாரிகளும் அதில் சிக்கினார்கள். ஆற்றுக்குள் போன கேரள லாரியையும் அதன் ஓட்டுநரின் உடலையும் செப்டம்பர் கடைசியில்தான் வெளியே எடுக்க முடிந்தது. அகலப்படுத்துவதற்காகக் குன்றின் அடியைச் செங்குத்தாக வெட்டிவிட்டு, மேலே மழைநீர் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஓர் இடம் போதும்.

மலை வெட்டிய இடங்களில் மழைநாளில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்கிறேன். வெட்டுச் சுவரிலிருந்து தெளிந்த நீர் கசிந்தால் அது வழக்கமான ஊற்று. அதே நீர் செம்மண் கலங்கி வந்தால், கூடவே பொடிக்கல் உதிர்ந்தால், சுவரின் உச்சியில் மரம் சாய்ந்து நின்றால், அங்கே ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. தேநீர்க் கடை திறந்திருக்கிறதே, நாலு லாரி நிற்கிறதே என்று நம்பி ஓரம்கட்டக் கூடாது. ஷிரூரிலும் அப்படித்தான் நின்றிருந்தார்கள். மலையும் ஆறும் சாலையை இருபுறமும் நெருக்கும் இடங்களில் ஓய்வு வேண்டாம். அடுத்த ஊர்ச் சமவெளிக்குப் போய் நிறுத்துங்கள்.

கார்வாரை நெருங்கும்போது இடதுபுறம் கடற்படைத் தளத்தின் வேலி நீளும். படம் எடுக்க அனுமதியில்லை. ஊருக்குள் கடற்கரையில் போர்க்கப்பல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரைத் தாண்டினால் காளி ஆறு. ஷிரூர்ச் சரிவு நடந்த மூன்று வாரத்தில், 2024 ஆகஸ்ட் 7 நள்ளிரவுக்குப் பின், இங்கிருந்த 41 ஆண்டுப் பழைய பாலம் இடிந்து விழுந்தது. லாரியோடு ஆற்றில் விழுந்த ஓட்டுநரை மீட்டுவிட்டார்கள். அருகிலிருந்த புதிய பாலத்தில் இரு திசைப் போக்குவரத்தையும் விட்டார்கள்.

தப்பிக்கும் பாதைகள்

சாலை அடைபட்டால் காத்திருக்க வேண்டாம், கிழக்கே மலையேறுங்கள். இந்தப் பட்டியலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கொல்லத்திலிருந்து ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை. இடப்பள்ளியிலிருந்து பாலக்காடு, கோவை. கோழிக்கோட்டிலிருந்து தாமரச்சேரி மலைப்பாதை ஏறி வயநாடு, மைசூரு. மங்களூருவிலிருந்து சிராடி மலைப்பாதை, ஹாசன், பெங்களூரு. ஹொன்னாவரிலிருந்து சாகரா. அங்கோலாவிலிருந்து எல்லாப்பூர், ஹூப்ளி. சாவந்த்வாடியிலிருந்து அம்போலி. ஹாத்கம்பாவிலிருந்து ஆம்பா மலைப்பாதை, கோலாப்பூர். சிப்ளூணிலிருந்து கும்பார்லி, கராட். போலாத்பூரிலிருந்து மகாபலேஷ்வர். மாண்காவிலிருந்து தாம்ஹிணி, புணே. பெருமழையில் மலைப்பாதைகளும் மூடப்படும் என்பதால், ஏறும் முன் கீழேயுள்ள ஊர்க் காவல் நிலையத்திலோ லாரி ஓட்டுநர்களிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். லாரி ஓட்டுநர்கள் சொல்வதே பெரும்பாலும் புதிய செய்தி.

கட்டம் 6: கோவா

போளெம் சோதனைச் சாவடி முதல் பத்ராதேவி வரை. காணகோணப் புறவழிச்சாலை, மட்காவ், வெர்ணா, ஜுவாரி ஆற்றின் புதிய கம்பிவடப் பாலம், பணஜியில் மாண்டவிமேல் 2019-இல் திறந்த அடல் சேது, மாபுசா, பெர்ணெம். நிற்காமல் போனால் அரை நாள்தான். மாண்டவியின் பழைய பாலம் 1986-இல் இடிந்து, பிறகு அடுத்தடுத்துப் புதிய பாலங்கள் எழுந்தன. அதனால்தான் அங்கே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்கின்றன. கோவாவில் வாங்கிய மதுவை எல்லை தாண்டி எடுத்துப் போகாதீர்கள். இருபுறமும் சோதனை உண்டு.

கட்டம் 7: கொங்கணம்

மகாராஷ்டிரத்துக்குள் சாலை கடலை முற்றிலும் விட்டுவிடுகிறது. பாந்தா, மர பொம்மைகளுக்குப் பேர்போன சாவந்த்வாடி, குடாள், கண்கவலி, ராஜாபூர், லாஞ்ஜா, ஹாத்கம்பா என்று மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும். ஹாத்கம்பாவிலிருந்து மேற்கே பிரிந்தால் ரத்னகிரி. ஒவ்வொரு இறக்கத்தின் அடியிலும் ஓர் ஆறு, ஒரு பாலம், ஒரு சந்தை ஊர். சிந்துதுர்க் மாவட்டத்தில் நான்குவழிக் கான்கிரீட் நன்றாக இருக்கிறது. வடக்கே போகப் போக முடிந்ததும் முடியாததுமாக மாறி மாறி வரும். 2011-இல் தொடங்கிய அகலப்படுத்தும் பணி இவ்வளவு காலம் இழுத்தது இந்த மக்களுக்குச் செய்த அநியாயம் என்றே சொல்வேன். கான்கிரீட் தளம் திடீரென முடிந்து ஒரு முழம் கீழே பழைய தாருக்கு இறங்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகைகூட இருக்காது. இங்கே இரவில் ஓட்டாதீர்கள்.

கடல் விரும்பிகளுக்கு வேறு வழி இருக்கிறது, அதுதான் உண்மையான கடற்கரைச் சாலை. வெங்குர்லா, மால்வண், தேவ்கட், ரத்னகிரி, கண்பதிபுளே, குஹாகர், தாபோலி, ஹரிஹரேஷ்வர், முருட், அலிபாக் என்று மாநிலச் சாலைகள் கரையைத் தொட்டே போகின்றன. பாலமில்லாத கழிமுகங்களில் வண்டியோடு ஏற்றிப் போகும் ஜங்கார் படகுகள் உண்டு: ஜய்கட் – தவசாள், தாபோள் – தோபாவே, பாக்மாண்டலா – வேஷ்வி, திகி – ஆகர்தாண்டா. நெடுஞ்சாலையைவிட இரண்டு நாள் கூடுதலாகும். நேரமிருந்தால் இதையே எடுங்கள்.

நெடுஞ்சாலையிலேயே தொடர்பவர்களுக்குச் சங்கமேஷ்வர் (1689-இல் சம்பாஜி மன்னர் மொகலாயரிடம் பிடிபட்ட ஊர்), பிறகு சிப்ளூண். வாசிஷ்டி ஆறு 2021 ஜூலையில் இந்த நகரை மூழ்கடித்தது. அதையடுத்த பரசுராம் மலைப்பாதை மண்சரிவுக்குப் பேர்போனது. கேட் (Khed) என்ற ஊரைத் தாண்டிக் கஷேடி மலையில் இப்போது இரட்டைச் சுரங்கப்பாதை வந்துவிட்டதால் பழைய கொண்டை ஊசி வளைவுகளைத் தவிர்த்துவிடலாம்.

மஹாடில் சாவித்திரி ஆறு. 2016 ஆகஸ்ட் 2 இரவு, வெள்ளத்தில் பிரிட்டிஷ் காலக் கல்பாலம் அறுந்து, இரண்டு அரசு பஸ்களும் வேறு வாகனங்களும் இருட்டில் ஆற்றுக்குள் போயின. அடுத்த மழைக்குள் புதிய பாலம் எழும்பிவிட்டது. மஹாடிலிருந்து ராய்கட் கோட்டைக்குப் பிரியலாம். சிவாஜி முடிசூடிய இடம், ஒரு நாள் தகும்.

அதன்பின் வேகமாக முடிந்துவிடும். மாண்காவ், கோலாட், நாகோட்டணே, வட்கள், பிள்ளையார் சிலைகள் செய்யும் பென். கோலாட்டில் ரயில் நிலையம் பக்கம் பார்த்தால், சரக்கு லாரிகள் சரக்கோடும் ஓட்டுநரோடும் ரயிலின் தட்டைப் பெட்டிகள்மேல் ஏறி நிற்கும். கொங்கண் ரயில்வே 1999-இல் தொடங்கிய சேவை. சூரத்கல் வரை லாரிகள் இப்படியே போய் இறங்குகின்றன. கர்னாலா பறவைகள் சரணாலயத்தின் காட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால் பளஸ்பே சந்திப்பு, பன்வேல் வந்துவிட்டது.

மும்பைக்குள் வண்டியோடு போக வேண்டிய தேவை இல்லாவிட்டால் பன்வேலிலேயே நிறுத்திவிட்டு உள்ளூர் ரயிலில் நகருக்குப் போய் வாருங்கள். ஊர் திரும்ப நெடுஞ்சாலை 48: புணே, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி, வேலூர், சென்னை. தென்மாவட்டக்காரர்கள் கிருஷ்ணகிரியில் சேலம் பக்கம் திரும்பிக்கொள்ளலாம்.